கோட்டுப் பையில் ஒரு குட்டிப் பொம்மை: குரோஷே பின்னலும் குளிர்கால நடையும்

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொம்மையும் குளிர்காலத்துக் காட்டுப் பாதையில் ஒரு நடையும் நன்றாகச் சேர்ந்து போகும். பொழுது சீக்கிரம் சாயும் நாட்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து பின்ன நேரம் கிடைக்கிறது. பின்னி முடித்ததைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், நடக்கச் சிணுங்கும் குழந்தைகூடப் பொம்மைக்கு மரம் காட்ட நாலடி கூடுதலாக நடக்கும். ஆனால் வெளியே போகிற பொம்மைக்கு அலமாரிப் பொம்மையின் சொகுசு கிடையாது. ஈரம் படும், பனியில் விழும், கையுறை போட்ட கை அதன் கழுத்தைப் பிடித்து இழுக்கும். அதையெல்லாம் தாங்கும் சுமார் 12 செ.மீ. உயரப் பொம்மை ஒன்றைப் பின்னும் முறை முதலில். அதோடு வெளியே போய் வரும் முறை பிறகு. முனை கொக்கிபோல வளைந்த குரோஷே ஊசியையே இதுவரை பிடிக்காதவர்கள் செயின், சிங்கிள் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்களை மட்டும் இரண்டு மாலை பழகிவிட்டு இதற்கு வரலாம்.

நூல், ஊசி, மற்றவை

இப்படிச் சின்னதாகப் பின்னிப் பஞ்சடைக்கும் பொம்மைக்கு அமிகுருமி என்று பெயர். 'அமி' என்றால் பின்னல், 'நுயிகுருமி' என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டு ஜப்பானியச் சொற்கள் ஒட்டி வந்த பெயர் அது. சால்வை பின்னுவதற்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இறுக்கம்தான். சால்வை தொங்க வேண்டும், அதனால் தளர்வாகப் பின்னுகிறோம். பொம்மை பஞ்சை உள்ளே பிடித்து வைக்க வேண்டும். அதனால் நூல் லேபிளில் சொல்லியிருக்கும் ஊசியைவிட 1 முதல் 1.5 மி.மீ. சின்ன ஊசியை எடுக்கிறோம். புதியவர்கள் இந்த ஒன்றை விட்டுவிடுவதால்தான் முதல் பொம்மை பஞ்சு பிதுங்கி நிற்கிறது.

இந்தப் பொம்மைக்கு டி.கே. (டபுள் நிட்டிங்) என்ற சற்று மெல்லிய பருமன் நூல் சரி. 50 கிராம் உருண்டையில் சுமார் 110 முதல் 130 மீட்டர் நூல் இருக்கும், லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். நீங்கள் 2.5 மி.மீ. ஊசி எடுங்கள். கை இயல்பிலேயே இறுக்கமாகப் பின்னுபவர் என்றால் 2.75 போகலாம். பொம்மை, தொப்பி, கழுத்துத் துணி எல்லாம் சேர்த்து 25 கிராம் நூல் தாராளம். நிறத்துக்குப் பத்து கிராம் மிச்ச நூல் கிடந்தாலே வேலை முடிந்துவிடும். தேவையான நிறங்கள் நான்கு: தோல், பூட்ஸ், காலுறையும் சட்டையும், தொப்பி.

எந்த இழை என்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பருத்தி நூலில் பின்னல் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும், உருவம் கெடாது. ஆனால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. கம்பளி நூல் சற்று நனைந்தாலும் கதகதப்பை விடாது. வெந்நீரில் அலசினால் மட்டும் சுருங்கித் திரண்டுவிடும். அக்ரிலிக் லேசானது, சீக்கிரம் காயும், சூடு பட்டால் உருக்குலையும். பனியில் நிற்கப்போகிற பொம்மைக்கு எங்கள் தேர்வு அக்ரிலிக். வீட்டிலேயே இருக்கப்போகிறது என்றால் பருத்தி. முதல் பொம்மைக்குக் கறுப்பு நூலும் ரோமம் எழும்பிய நூலும் வேண்டவே வேண்டாம். அடுத்த பின்னல் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாமல் எண்ணிக்கை தவறும், பிரிக்கப் போனால் சிக்கும்.

ஊசியும் நூலும் தவிர, பாலியெஸ்டர் பஞ்சு ஒரு கைப்பிடி, முனை மழுங்கிய தையல் ஊசி, கத்தரிக்கோல், சுற்றின் தொடக்கத்தைக் காட்ட ஒரு மார்க்கர் வேண்டும். மார்க்கர் இல்லையென்றால் வேறு நிற நூல்துண்டு ஒன்றைக் குறுக்கே போட்டுக்கொள்ளலாம். கண்ணுக்கு 6 மி.மீ. பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண் (பின்னால் ஒரு வில்லையை அழுத்திப் பூட்டும் வகை) ஒரு ஜோடி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கையில் போகும் பொம்மைக்கு அதுவும் கூடாது. கறுப்பு நூலால் கண்ணை எம்பிராய்டரி செய்துவிடுங்கள். பின்பக்க வில்லை கழன்று வராவிட்டாலும், தளர்ந்த பின்னல் வழியாகக் கண் மொத்தமாகப் பிதுங்கி வர வாய்ப்பு உண்டு.

கை பழக வேண்டிய நான்கு வேலைகள்

மேஜிக் ரிங்: நூலை விரலில் ஒரு வளையமாகச் சுற்றி, அதற்குள் 6 சிங்கிள் போட்டு, வால் நூலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும். இது வசப்படவில்லை என்றால் 2 செயின் போட்டு, முதலில் போட்ட செயினுக்குள் 6 சிங்கிள் போடுங்கள். துளை கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். எதுவானாலும் வால் நூலைப் பத்து செ.மீ. விட்டு, பிறகு சுற்றுக்கு எதிர்த்திசையில் தையல் ஊசியால் கோத்துவிடுங்கள். வாலை ஒட்ட வெட்டிவிட்டால் சில நாளில் ரிங் திறந்துகொள்ளும்.

கூட்டல்: ஒரே பின்னலுக்குள் இரண்டு சிங்கிள்.

குறைப்பு: இரண்டு பின்னலை ஒன்றாக்குவது. வழக்கமான முறையில் இரண்டு பின்னலுக்குள்ளும் ஊசியை முழுதாக விட்டால் ஒரு முடிச்சும் பக்கத்தில் ஓட்டையும் தெரியும். பொம்மைக்கு வேறு முறை இருக்கிறது. அடுத்த இரண்டு பின்னல்களின் முன் இழைகளை (நம் பக்கம் இருக்கும் இழைகளை) மட்டும் ஊசியில் எடுத்து, நூலை இழுத்து அவ்விரண்டின் வழியே கொண்டுவந்து, சிங்கிளாக முடியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எங்கே குறைத்தீர்கள் என்றே தெரியாது.

நிறம் மாற்றுவது: புது நிறம் தொடங்கும் பின்னலுக்கு முந்தைய பின்னலின் கடைசி இழுப்பைப் புது நூலால் முடிக்க வேண்டும். புது நிறத்தைப் புதுப் பின்னலிலேயே தொடங்கினால் பழைய நிறம் அதன் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இங்கே சிங்கிள் என்று சொல்வது அமெரிக்க முறைப் பெயர். பிரிட்டிஷ் முறையில் இதே பின்னலுக்கு டபுள் என்று பெயர். வேறு பேட்டர்ன் எதையாவது எடுக்கும்போது அது எந்த முறை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பின்னலுக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் உண்டு. நல்ல பக்கத்தில் சின்னச் சின்ன 'வி' வடிவங்கள் வரிசையாக இருக்கும். கெட்ட பக்கத்தில் குறுக்குக் கோடுகள் தெரியும். புதியவர்கள் பலர் தெரியாமலே உள்வெளியாகப் பின்னிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவது சுற்றில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, 'வி' வெளியே வரும்படி கிண்ணத்தைப் புரட்டிவிடுங்கள்.

பின்னும் வரிசை

சுற்றுகளை இணைக்காமல் சுருளாகவே போகிறோம். வரியின் கடைசியில் உள்ள எண் அந்தச் சுற்றின் மொத்தப் பின்னல்; எண் மட்டும் இருந்தால் அத்தனை சிங்கிள். ஒவ்வொரு சுற்றின் முதல் பின்னலிலும் மார்க்கரை மாற்றிப் போடுங்கள். வலது கைக்காரர்களுக்கு மார்க்கர் வரிசை மேலே போகப்போக வலப்பக்கம் சாயும். அது சிங்கிளின் இயல்பு, உங்கள் தவறல்ல. ஆனால் சுற்று முடியும்போது எண்ணிக்கை சரியாக வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அங்கேயே பிரித்துவிடுங்கள், அடுத்த சுற்றில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் முகம் கோணும்.

கால் (இரண்டு)
சுற்று 1: பூட்ஸ் நிறத்தில் மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள்.
சுற்று 2: (1 சிங்கிள், 1 கூட்டல்) மூன்று முறை, 9.
சுற்று 3, 4: 9.
சுற்று 5 முதல் 8 வரை: காலுறை நிறத்தில் 9.

முதல் காலின் நூலை 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். இரண்டாவது காலின் நூலை வெட்ட வேண்டாம். அங்கிருந்துதான் உடல் தொடங்குகிறது.

கை (இரண்டு)
சுற்று 1: தோல் நிறத்தில் ரிங்கில் 6 சிங்கிள்.
சுற்று 2: 6.
சுற்று 3 முதல் 8 வரை: சட்டை நிறத்தில் 6.

ஆறு பின்னல் குழாய் என்பது சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. முதல் இரண்டு சுற்று கையை விட்டு நழுவும், மூன்றாவதிலிருந்து பிடி கிடைக்கும். ஊசியின் பின்முனையை உள்ளே விட்டுக் குழாயை நிமிர்த்திக்கொள்ளலாம். கைக்குப் பஞ்சு வேண்டாம். பஞ்சடைத்தால் கை விறைத்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

உடல்
சுற்று 1: இரண்டாவது காலிலிருந்து 3 செயின் போட்டு, முதல் காலின் ஏதாவது ஒரு பின்னலில் சேருங்கள். அந்தக் காலைச் சுற்றி 9 சிங்கிள், செயின் மேல் 3, இரண்டாவது காலைச் சுற்றி 9, செயினின் மறுபக்கம் 3, மொத்தம் 24.
சுற்று 2 முதல் 5 வரை: 24.
சுற்று 6: (2 சிங்கிள், 1 குறைப்பு) ஆறு முறை, 18.
சுற்று 7: 18.
சுற்று 8: 18, கைகளைச் சேர்த்து.
சுற்று 9: (1 சிங்கிள், 1 குறைப்பு) ஆறு முறை, 12.
சுற்று 10: தோல் நிறத்தில் 12. இது கழுத்து.

கால் சேரும் இடத்தில், செயினின் இரு முனையிலும் சின்ன ஓட்டை விழுவது சகஜம். முதல் காலில் விட்ட 15 செ.மீ. வாலை வைத்து உள்ளிருந்து இரண்டு தையல் போட்டு மூடுங்கள். பிறகு கால்களுக்குப் பஞ்சு. பட்டாணி அளவுத் துணுக்குகளாகப் பிய்த்து, ஊசியின் பின்முனையால் பாதம் வரை தள்ளுங்கள். ஒரே உருண்டையாகத் திணித்தால் பூட்ஸ் காலியாகவும் தொடை வீங்கியும் நிற்கும்.

கைகளைச் சேர்க்கும் எட்டாவது சுற்றில் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். பொம்மையைக் கால்கள் இரண்டும் அருகருகே இருக்கும்படி மேசையில் தட்டையாகப் படுக்க வைத்து, இடது வலது ஓரங்களில் ஒவ்வொரு மார்க்கர் மாட்டுங்கள். கையின் வாயைத் தட்டையாக அமுக்கினால் மூன்று ஜோடிப் பின்னல் கிடைக்கும். ஓரத்து மார்க்கர் நடுவில் வரும்படி அந்த மூன்று ஜோடியையும் உடலின் மூன்று பின்னலோடு சேர்த்தே சிங்கிள் போடுங்கள். இரண்டு கைக்கும் நடுவே முன்னால் 6, பின்னால் 6 பின்னல் இருந்தால் சரி. தனியாகத் தைத்து ஒட்டிய கையைவிட இப்படிச் சேர்ந்து பின்னிய கை பல மடங்கு உறுதி. குழந்தைகள் பொம்மையை எப்போதும் கையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

தலை
சுற்று 11: பன்னிரண்டிலும் கூட்டல், 24.
சுற்று 12: (3 சிங்கிள், 1 கூட்டல்) ஆறு முறை, 30.
சுற்று 13 முதல் 18 வரை: 30.
சுற்று 19: (3 சிங்கிள், 1 குறைப்பு) ஆறு முறை, 24.
சுற்று 20: (2 சிங்கிள், 1 குறைப்பு) ஆறு முறை, 18.
சுற்று 21: (1 சிங்கிள், 1 குறைப்பு) ஆறு முறை, 12.
சுற்று 22: ஆறு குறைப்பு, 6.

பதினெட்டாவது சுற்று முடிந்ததும் நிறுத்துங்கள். கண் வைக்க வேண்டிய நேரம் இதுதான், தலை மூடிய பிறகு வில்லையை உள்ளே மாட்ட வழியில்லை. 14, 15-ஆம் சுற்றுகளுக்கு இடையே, ஆறு பின்னல் இடைவெளி விட்டு இரண்டு கண். தலையின் நட்டநடுவுக்குச் சற்றுக் கீழே கண் இருந்தால் குழந்தை முகம் வரும், மேலே ஏறினால் பெரியவர் முகம் ஆகிவிடும். வில்லையை அழுத்துமுன் கண்களைச் சொருகி மட்டும் வைத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அழுத்திவிட்டால் கழற்ற முடியாது. கண்ணுக்கு ஒரு சுற்றுக் கீழே, நடுவில், ஒரு பின்னல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு நூலால் ஒரு கோடு போட்டால் வாய் ஆயிற்று. மூக்கு வேண்டியதில்லை.

தலை ஆடிக்கொண்டே இருப்பதுதான் இந்த வகைப் பொம்மையில் அதிகம் வரும் குறை. பன்னிரண்டு பின்னல் கழுத்தின் மேல் முப்பது பின்னல் தலை உட்காருகிறது, கழுத்தில் பஞ்சு போதவில்லை என்றால் அது ஒரு பக்கம் சரியும். சுற்று 12 முடிந்ததும் உடலை நன்றாக நிரப்பி, சுண்டுவிரல் கனத்தில் ஒரு பஞ்சுத் திரியை உருட்டி, பாதி உடலிலும் பாதி தலையிலும் இருக்கும்படி கழுத்துக்குள் செங்குத்தாகச் செருகுங்கள். கம்பி வைப்பவர்கள் உண்டு. குழந்தை கைக்குப் போகும் பொம்மையில் கம்பி கூடாது.

துளை குறுகுமுன் தலைக்கும் பஞ்சடைத்துவிடுங்கள். கடைசி ஆறு பின்னலை மூட நூலை 20 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியால் ஒவ்வொரு பின்னலின் முன் இழையையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எடுத்து, ஆறும் முடிந்ததும் இழுங்கள். துளை பூப்போல் மூடிக்கொள்ளும். மீதி நூலைத் தலைக்குள் விட்டுக் கழுத்தருகே வெளியே எடுத்து, லேசாக இழுத்துப் பிடித்து வெட்டினால் முனை உள்ளே போய் மறைந்துவிடும்.

பஞ்சு போதுமா என்று பார்க்க ஒரு எளிய வழி: தலையை இரண்டு விரலால் அமுக்கி விட்டால் உடனே பழைய உருவத்துக்கு வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் பஞ்சு குறைவு. பின்னல்களுக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் பஞ்சு அதிகம், அல்லது ஊசி பெரிது. எது என்று கண்டுபிடிக்க, பஞ்சில்லாத கை ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதிலும் ஊசித்துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் அடுத்த முறை ஊசியைக் கால் மி.மீ. குறையுங்கள்.

தொப்பியும் கழுத்துத் துணியும்
தொப்பிக்கு ரிங்கில் 6. பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 12, 18, 24, 30, 36. அதற்குமேல் கூட்டாமல் ஐந்து சுற்று 36. கடைசியில் ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் (அடுத்த பின்னலில் ஊசியை விட்டு, நூலை இழுத்து ஊசியில் உள்ள வளையத்தின் வழியாகவும் எடுத்துவிடுவது) போட்டு முடித்து, ஓரத்தை ஒரு சுற்று மடித்துவிடுங்கள். தலை 30 பின்னல்தானே, தொப்பிக்கு ஏன் 36 என்று தோன்றும். தொப்பிக்கும் கனம் உண்டு. அது தலைக்கு வெளியே நிற்பதால் சுற்றளவு கூட வேண்டும். முப்பதிலேயே நிறுத்தினால் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், காது வரை இறங்காது.

கழுத்துத் துணிக்கு 50 செயின் போட்டு, ஊசியிலிருந்து மூன்றாவது செயினில் தொடங்கி ஒரே ஒரு வரிசை ஹாஃப் டபுள் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு, நூலை இழுத்து, ஊசியில் உள்ள மூன்று வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது), 48 வரும். செயினை இறுக்கமாகப் போட்டால் துணி வில்லாக வளையும். செயினுக்கு மட்டும் 3 மி.மீ. ஊசி எடுத்தால் நேராக இருக்கும்.

நிறத்தில் ஒரு யோசனை: தொப்பியோ கழுத்துத் துணியோ ஏதாவது ஒன்று நல்ல சிவப்பு அல்லது மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளையும் சாம்பலும் பழுப்பும் படத்தில் அழகாக இருக்கும், பனியிலோ சருகிலோ விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது. உச்சந்தலையில் ஒரு நூல் வளையமும் தைத்துவிடுங்கள், பையில் கட்டிக்கொள்ள. வளையத்தைத் தொப்பியில் தைத்தால் தொப்பி மட்டும்தான் வீடு வந்து சேரும். தலையில் தைத்து, தொப்பியின் நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள்.

வெளியே கிளம்புமுன்

குளிர்காலத்தில் முதல் நடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் போதும். தெரிந்த பாதை, அடையாளம் உள்ள பாதையாக இருக்கட்டும். பனி கிடக்கும் தரையில் நடை மெதுவாகும், குழந்தைகளோடு இன்னும் மெதுவாகும். சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பி வந்து சேரும்படி கணக்குப் போடுங்கள். கையில் உள்ள நேரத்தில் பாதி கழிந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

உடுப்பில், பொம்மைக்கு நூல் தேர்ந்தெடுத்தபோது பார்த்த அதே கணக்குதான். உடம்போடு ஒட்டிய உடை பருத்தியாக இருந்தால் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், நடை நின்ற ஐந்தாவது நிமிடம் நடுக்கம் வரும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் தடித்த கம்பளியோ ஃப்ளீஸோ, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். காலுறை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போட்டு பூட்ஸைப் பிதுக்காதீர்கள், ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சில்லிடும்.

பையில் மாற்றுக் கையுறை ஒரு ஜோடி, உட்கார ஒரு ஃபோம் அட்டை, டார்ச், கொறிக்க ஏதாவது, ஃபிளாஸ்க்கில் சூடாகக் குடிக்க ஒன்று. ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்பினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதை வெளிப்பையில் வைக்காமல் கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். உறைந்த குளம், ஏரி, ஓடை மேல் கால் வைக்க வேண்டாம், பொம்மையைப் படம் எடுக்க ஓர் அடிகூட. பனி மூடிய உறைநீரின் கனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே கிடக்கும் பனி போர்வைபோல மூடிக்கொள்வதால் அடியில் நீர் உறைவது மெதுவாகிறது. ஓடை வந்து சேரும் இடமும் நாணல் நிற்கும் இடமும் இன்னும் மெலிவு.

விரல், மூக்கு, காது, கன்னம் ஆகியவை வெளிறி மரத்துப் போனால் உடனே கவனியுங்கள். விரலைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றுங்கள், கன்னத்தில் வெறும் கையைப் பொத்துங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதைவிடக் கெடுதல். உணர்வு திரும்பவில்லை என்றால் நடையை முடித்துக்கொண்டு மருத்துவ உதவி தேடுங்கள்.

வெளியே உட்கார்ந்து பின்னுவது

முடியும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு. அதற்கென்று எளிய வேலையை எடுத்துப் போங்கள். தலையின் 13 முதல் 18 வரையான சுற்றுகள் இதற்கு நல்லது, கூட்டலும் இல்லை, குறைப்பும் இல்லை. கழுத்துத் துணியும் சரிவரும். மேஜிக் ரிங், கை சேர்ப்பது, கண் வைப்பது மூன்றும் வீட்டு வேலை. அலுமினிய ஊசி குளிரை விரலுக்குக் கடத்தும், மூங்கிலோ ரப்பர் பிடி உள்ளதோ இதமாக இருக்கும். 2.5 மி.மீ. மூங்கில் ஊசி மெல்லியது, இறுக்கிப் பின்னினால் ஒடியும். அதனால் ரப்பர் பிடி உலோக ஊசியே எங்கள் தேர்வு. விரல்நுனி திறந்த கையுறை போட்டு, இடையிடையே அதன்மேல் தடித்த கையுறையை மாட்டிக்கொள்ளுங்கள். விரல் மரக்கத் தொடங்கினால் பின்னல் இறுக்கம் மாறும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது வெளியே போட்ட இரண்டு சுற்று மட்டும் தனியாகத் தெரியும். அதை நினைத்தாவது சீக்கிரம் நிறுத்திவிடுங்கள்.

வெட்டிய நூல்துண்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது. பறவைகளின் காலில் சுற்றி இறுகி, விரலையே பாதித்துவிடும். துண்டுகளைப் போட ஒரு சின்ன டப்பா பையில் இருக்கட்டும். கிளைகளில் பின்னல் வேலைகளைக் கட்டி விட்டு வருவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

பொம்மையோடு என்ன பார்ப்பது

இலை உதிர்ந்த மரத்தில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு குச்சியைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். அடுத்த வசந்தத்தின் மொட்டுகள் போன கோடையிலேயே உருவாகி, செதில் போர்த்திக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கும். எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்பது மரத்தை அடையாளம் காண முதல் தடயம்.

பனியில் காலடித் தடம் கிடைத்தால் பொம்மையைப் பக்கத்தில் படுக்க வைத்துப் படம் எடுங்கள். உங்கள் பொம்மை துல்லியமாக எத்தனை செ.மீ. என்று அளந்து வைத்திருந்தால் அதுவே அளவுகோல், வீட்டில் உட்கார்ந்து தடத்தின் நீளத்தைக் கணக்கிடலாம். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னால் விழும். எனவே முன்னால் தெரியும் பெரிய இரண்டு தடமும் பின்னங்கால்களுடையவை. முன்னங்கால் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் முயல், அருகருகே இருந்து வரிசை ஒரு மரத்தடியில் முடிந்தால் அணில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நாய்த் தடத்தில் நகக்குறி தெரியும், பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் பொதுவாகத் தெரியாது.

பொம்மையை நிற்க வைத்துப் படமெடுக்க, மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றைக் கால்களுக்கு நடுவே, பின்னல் இடைவெளி வழியாக மேலே விட்டு, மறுமுனையைப் பனியில் குத்துங்கள். படம் முடிந்ததும் உடனே குச்சியை உருவிவிட வேண்டும். கேமராவைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள், மேலிருந்து எடுத்தால் தொப்பி மட்டும்தான் விழும். பனியின் வெளுப்பைப் பார்த்து கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பனி சாம்பலாகவும் பொம்மை இருட்டாகவும் வரும். திரையில் பொம்மை முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே இருப்பதால், பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் ஒவ்வொரு பின்னலும் நிழலோடு எழும்பித் தெரியும். மேசை விளக்கில் அது கிடைக்காது.

திரும்பி வந்ததும்

கதவைத் திறப்பதற்கு முன்பே பொம்மையில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள். உள்ளே வந்தபின் அது உருகிப் பஞ்சுக்குள் இறங்கும். நனைந்திருந்தால் துண்டில் சுற்றி அமுக்குங்கள், முறுக்க வேண்டாம். ஹீட்டர்மேலோ அடுப்பருகிலோ வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து, சில மணிக்கொருமுறை புரட்டிவிடுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி டப்பாவில் மூடினால் நடுப்பஞ்சு ஈரமாகவே இருந்து வாடை அடிக்கும். அமுக்கிப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் வெளியிலேயே இருக்கட்டும். கேமராவையும் குளிரிலேயே ஒரு காற்றுப் புகாத உறையில் போட்டு, உள்ளே வந்து அறைச் சூட்டுக்கு வந்தபின் எடுத்தால் லென்சில் நீர் கோக்காது.

காய்ந்த பிறகு கையையும் காலையும் ஒருமுறை லேசாக இழுத்துப் பாருங்கள். பாதத்தின் ரிங் திறந்திருக்கிறதா, தலையில் தைத்த வளையம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும்தான் முதலில் விடும். தளர்ந்திருந்தால் அதே நிற நூலில் இரண்டு தையல் போட்டுவிட்டு, பொம்மையைக் கோட்டுப் பையிலேயே திரும்ப வையுங்கள்.